ஊர்ப் பள்ளிகளை எதை வைத்து ஒப்பிடுவது?



மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே ஊர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தங்களில் ஃபிளெக்ஸ் பலகைகள் முளைத்துவிடுகின்றன. நூறு சதவீதத் தேர்ச்சி என்ற வரி பெரிதாக இருக்கும். எத்தனை பேர் எழுதினார்கள் என்பது இருக்காது. ஜூன் பிறப்பதற்குள் தனியார் பள்ளி வேன்கள் தெருத்தெருவாக வந்துவிடும். அரசுப் பள்ளி ஆசிரியர்களும் துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். டீக்கடையிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் ஒரே பேச்சுதான்: நம் ஊர்ப் பள்ளியா, பக்கத்து ஊர்ப் பள்ளியா, எது தேவலை? பெற்றவர்கள் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. ஆனால் அதற்கு நாம் பதில் தேடுகிற முறை தவறானது என்பதும், சிறிய ஊர்களில் அந்தத் தவறான முறையே பள்ளியைக் கெடுத்துவிடுகிறது என்பதும் என் வாதம். ஆயிரம் பேர் படிக்கும் நகரத்துப் பள்ளியைப் பற்றி நாலு வீட்டார் தவறாக எண்ணினால் அந்தப் பள்ளிக்கு ஒன்றும் ஆகாது. அறுபதுக்குச் சற்று மேல் பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைப் பற்றி அதே நாலு வீட்டார் தவறாக எண்ணினால் அங்கே ஓர் ஆசிரியர் பணியிடமே போய்விடலாம். எப்படிப் போகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், நாம் நம்புகிற எண்கள் எவ்வளவு நம்பத்தகுந்தவை என்று பார்ப்போம்.

2025-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் 93.80 விழுக்காடு. ஒரு சிற்றூரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருபது பேர் தேர்வு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளி மாநிலச் சராசரிக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தேறும் வாய்ப்பு அந்தச் சராசரி அளவே. இந்தப் பள்ளியில் இருபது பேரும் தேறிவிட எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டால் ஏறக்குறைய 28 விழுக்காடு வருகிறது. நான்கு ஆண்டுக்கு ஒரு தடவைக்குக் குறையாமல் இந்தச் சாதாரணப் பள்ளி நூறு விழுக்காட்டுப் பலகையை வைத்துக்கொள்ளலாம். அதே பள்ளியில் மூன்று பேரோ அதற்கு மேலோ தவறிப்போகவும் 12 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. சுமார் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ச்சி 85 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே இறங்கும். தலைமையாசிரியர் மாறவில்லை, கணக்கு வாத்தியார் மாறவில்லை, பாடம் நடத்திய முறை மாறவில்லை. ஆனாலும் ஓர் ஆண்டில் பாராட்டு விழா, இன்னோர் ஆண்டில் விளக்கம் கேட்டுக் கடிதம். இதே தரத்தில் இருநூறு பேர் எழுதும் நகரப் பள்ளியை எடுத்துக்கொண்டால் அங்கே நூறு விழுக்காடு வரும் வாய்ப்பு பத்து லட்சத்தில் மூன்று. அது ஒருபோதும் பலகை வைக்க முடியாது. ஒருபோதும் 85-க்கு இறங்கவும் இறங்காது. சிறிய பள்ளியின் எண் ஏறி இறங்குவதில் பெரும்பகுதி, எண்ணிக்கை சிறியதாக இருப்பதால் மட்டுமே நேர்வது.

இருபது பேரில் ஒரு பிள்ளை என்றால் ஐந்து விழுக்காடு. கணக்குத் தேர்வன்று காய்ச்சலில் படுத்தவள் ஒருத்தி. அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய் பிப்ரவரி முழுவதும் வராமல் இருந்தவன் ஒருவன். இந்த இரண்டு பேரே போதும், நூறு தொண்ணூறாகிவிடும். பக்கத்து ஊரில் அந்த ஆண்டு யாருக்கும் காய்ச்சல் வராதிருந்தால் அந்தப் பள்ளி நம் பள்ளியைவிடப் பத்து விழுக்காடு சிறந்ததாகிவிடுமா?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. அமெரிக்காவில் சிறிய பள்ளிகள்தான் சிறந்தவை என்று ஒரு காலத்தில் பலமாக நம்பினார்கள். மதிப்பெண் பட்டியலின் உச்சியில் சிறிய பள்ளிகள் நிறைய இருந்ததுதான் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் பென்சில்வேனியா மாநிலத்தின் 1,662 பள்ளிகளை எடுத்து ஆராய்ந்தார். முதல் ஐம்பது இடங்களில் வந்த பள்ளிகளில் ஆறு, மாநிலத்தின் மிகச் சிறிய ஐம்பது பள்ளிகளைச் சேர்ந்தவை. அளவுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லையென்றால் ஒன்றோ இரண்டோதான் வந்திருக்க வேண்டும். உச்சியோடு நிறுத்தியிருந்தால் சிறியதே சிறந்தது என்று முடிவுகட்டியிருப்பார்கள். அவர் பட்டியலின் அடியையும் பார்த்தார். கடைசி ஐம்பதில் மிகச் சிறிய பள்ளிகள் ஒன்பது இருந்தன. உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே குவிந்திருந்தன, எண்ணிக்கை குறைந்தால் சராசரி அப்படித்தான் அலைபாயும் என்பதால். நம் ஒன்றியத்தில் தேர்ச்சி விழுக்காட்டின்படி பள்ளிகளை வரிசைப்படுத்துகிற எவரும் முதலில் எழுதியவர் எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். இதே நிலைமை கண்ணுக்குத் தெரியும்.

2017-இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வுகளில் மாநில, மாவட்ட அளவில் முதலிடம் பிடித்தவர்கள் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் பள்ளிக்குப் பள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் விழுக்காட்டை ஒப்பிடுவது நிற்கவில்லை. அதனால் விளையும் கேடு ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். எட்டாம் வகுப்பு வரைதான் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு. பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு காட்ட வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் தடுமாறுகிற பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தி வைக்கவோ, மாற்றுச் சான்றிதழ் வாங்கிப்போகச் சொல்லவோ தோன்றும். அந்தப் பிள்ளை போனபின் பள்ளியின் எண் உயரும். எந்தப் பிள்ளைக்குப் பள்ளி மிகவும் தேவையோ அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுப் பெறுகிற பெருமையைப் பெருமை என்று நான் ஏற்கமாட்டேன்.

அடுத்தது, எந்தப் பள்ளிக்கு யார் வருகிறார்கள் என்பது. அரசுப் பள்ளி என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, தமிழ்நாட்டுக் கிராமங்களில் அவை பலவகை. ஊருக்குள் ஊராட்சி ஒன்றியப் பள்ளி இருக்கும். காலனியை ஒட்டி ஆதிதிராவிடர் நலப் பள்ளி இருக்கும். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள். இவை ஒரே நாளில் ஒரே திட்டத்தில் தோன்றியவை அல்ல. சென்னை மாகாணத்தில் 1919-க்குப் பின் தொழிலாளர் துறை தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்காகத் தனியே பள்ளிகள் திறந்தது. பொதுப் பள்ளியின் வாசலில் அந்தப் பிள்ளைகளை உள்ளே விடாத காலம் அது. அந்தப் பள்ளிகளின் தொடர்ச்சிதான் இன்றைய நலப் பள்ளிகள். இரண்டு பள்ளியும் அரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கலாம். ஆனால் ஒன்றின் தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் பதில் சொல்கிறவர், மற்றதன் தலைமையாசிரியர் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்குப் பதில் சொல்கிறவர். மாறுதல் கலந்தாய்வு வேறு, காலியிடம் நிரப்புகிற கை வேறு, பராமரிப்புப் பணம் வரும் வழி வேறு. இவற்றையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் ஒன்றாகக் கொண்டுவருவதாக 2023 மார்ச்சில் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஆதரவும் எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. அந்த விவாதத்துக்குள் இப்போது போகவில்லை. நான் சொல்வது இதுதான்: இந்த இரண்டு பள்ளியின் எண்களையும் பக்கத்தில் வைத்து இது மட்டம், அது உசத்தி என்று சொல்லும்போது நாம் ஆசிரியர்களை ஒப்பிடவில்லை. இரண்டு துறைகளையும், இரண்டு தெருக்களையும், அந்தத் தெருக்களுக்கு நூறாண்டாகக் கிடைத்ததையும் கிடைக்காததையும் ஒப்பிடுகிறோம். காலனிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்பவர் அதைக் கல்வித் தரத்தின் பெயரால் சொன்னாலும், அதில் எவ்வளவு தரம், எவ்வளவு சாதி என்று அவர் தம் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனியார் பள்ளியோடு ஒப்பிடும்போது இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. ஊரில் கொஞ்சம் வசதியுள்ளவர்கள், வீட்டில் எழுத்துக்கூட்டிச் சொல்லித்தர ஆள் உள்ளவர்கள், பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைக்கவும் துணிந்தவர்கள் வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாகப் படித்தால் அது வேன் போய்ச் சேருகிற பள்ளியின் சாதனையா, வேனில் ஏற்றிய வீட்டின் சாதனையா? இதைப் பிரித்தறிவது கடினம். ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு சோதனை இதைப் பிரித்துக் காட்டியது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஐந்து மாவட்டங்களில் 180 கிராமங்களில் இதை நடத்தி, முடிவுகளை 2015-இல் வெளியிட்டார்கள். தனியார் பள்ளியில் சேர விரும்பிய அரசுப் பள்ளிக் குடும்பங்களிடமிருந்து விண்ணப்பம் வாங்கிக் குலுக்கல் போட்டார்கள். சீட்டு விழுந்த பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் செலுத்தப்பட்டது. விழாதவர்கள் இருந்த இடத்திலேயே படித்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே ஆசை உள்ள, ஒரே நிலைமையில் உள்ள குடும்பங்கள். நான்கு ஆண்டுக்குப் பின் சோதித்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. இந்தியில் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் முன்னே இருந்தார்கள், ஏனென்றால் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அது அநேகமாகக் கற்பிக்கப்படவே இல்லை. வழக்கமான ஒப்பீட்டில் கண்ணைப் பறிக்கிற இடைவெளி, பிள்ளைகளைச் சமமாக நிறுத்திப் பார்த்தபோது தாய்மொழியிலும் கணக்கிலும் இல்லாமல் போயிற்று.

இந்தச் சான்றின் மறுபாதியையும் மறைக்கக்கூடாது. அந்தத் தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கி, மீதியை ஆங்கிலம் முதலான பிற பாடங்களுக்குக் கொடுத்தும் அதே அளவு கற்றலை எட்டின. ஒரு பிள்ளைக்கு அவை செய்த செலவு அரசின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிக்கனத்தின் பெரும்பகுதி ஆசிரியருக்கு மிகக் குறைந்த சம்பளம் கொடுத்ததால் வந்தது. இருந்தாலும் நல்ல சம்பளமும் முறையான பயிற்சியும் பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடக்கூடாது. நான் தனியார் பள்ளியைப் பழிக்கவோ அரசுப் பள்ளிக்குப் பரிவட்டம் கட்டவோ இதைச் சொல்லவில்லை. ஊரார் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு வேறு, பள்ளி உண்டாக்குகிற வேறுபாடு வேறு. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தீர்மானிக்கிறோம் என்பதுதான் என் புகார்.

இப்போது ஆசிரியர் பணியிடம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலைகளை எண்ணி, கூடுதலாக இருக்கும் ஆசிரியரைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். 63 பிள்ளைகள் உள்ள பள்ளியில் மூன்று ஆசிரியர்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி தேவலை என்று ஒரு பேச்சு கிளம்பி, ஜூன் மாதம் மூன்று வீட்டார் பிள்ளையை மாற்றினால் எண்ணிக்கை 60. ஒரு பணியிடம் உபரி. மூன்று பிள்ளை போனதற்கு, மீதி 60 பேர் தங்கள் ஆசிரியர்களில் மூன்றில் ஒருவரை இழக்கிறார்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் குறுவள மையப் பயிற்சிக்கோ, வட்டார அலுவலகத்துக்கோ, இணையத்தில் விவரம் பதிவேற்றவோ போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒருவர்தான். அடுத்த ஜூனில் ஊர் பேசுகிறது: வாத்தியாரே இல்லாத பள்ளி. இப்போது அது உண்மை. முதல் ஆண்டில் பொய்யாக இருந்த பேச்சு இரண்டாம் ஆண்டில் மெய்யாகிவிட்டது. அதை மெய்யாக்கியது அந்தப் பேச்சேதான். நகரத்துப் பள்ளிக்கு இந்த ஆபத்து இல்லை. சிற்றூரில் ஒப்பிடுவது என்பது தள்ளி நின்று பார்ப்பதோடு முடிவதில்லை. பார்க்கப்படும் பொருளையே அது மாற்றிவிடுகிறது. ஆகையால் நகரத்தில் இருப்பவரைவிட இங்கே இருப்பவருக்கு ஒப்பீட்டில் அதிகக் கவனம் வேண்டும்.

எதிர்த்தரப்பில் சொல்லப்படுவதில் வலுவானது இது: அறுபதும் நாற்பதுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? மூன்று சிறிய பள்ளிகளை மூடி ஒரு பெரிய பள்ளியாக்கினால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார், எண்ணும் நிலைபெறும், செலவும் குறையும். இதில் நியாயம் இருக்கிறது. ஓராசிரியர் பள்ளியில் பத்துப் பிள்ளைகள் என்ற நிலை அந்தப் பத்துப் பேருக்கும் நல்லதல்ல. கூடி விளையாட ஆள் இல்லாத பள்ளி பாதிப் பள்ளிதான். ஆனால் மூடுவது பற்றிப் பேசுவோர் தூரத்தைக் கோடு போட்டு அளக்கிறார்கள். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி ஆறு வயதுப் பிள்ளையின் காலை மனத்தில் வைத்து வந்தது. அந்த ஒரு கிலோமீட்டரில் நெடுஞ்சாலை குறுக்கிடலாம், கண்மாய் மறுகால் பாயலாம், காலனிப் பிள்ளைகள் ஊர்த் தெருவைக் கடந்து போகவேண்டியிருக்கலாம். முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பும், மாற்றுத்திறன் உள்ள பிள்ளையின் படிப்பும். இணைத்தபின் அவர்கள் புதிய பள்ளியின் பட்டியலில் இருக்கமாட்டார்கள். அதனால் புதிய பள்ளியின் சராசரி கெடாது. ஒப்பீடு அவர்கள் காணாமல் போனதைக் காட்டவே காட்டாது.

மூடாமலே வலுப்படுத்த வழி இல்லையா? 1966-இல் கோத்தாரி கல்விக் குழு பள்ளி வளாகம் என்ற ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது. ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதைச் சுற்றியுள்ள நடுநிலை, தொடக்கப் பள்ளிகளையும் ஒரு குழுவாகக் கட்டி, ஆய்வகம், நூலகம், திறமையான ஆசிரியர் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளச் செய்வது அதன் கருத்து. அண்டைப் பள்ளிகளை ஒன்றுக்கொன்று போட்டியாகப் பாராமல் கூட்டாளிகளாகப் பார்த்த சிந்தனை அது. ஏறக்குறைய அறுபது ஆண்டாகியும் நாம் அதைப் பெயரளவில்தான் செய்திருக்கிறோம். பல வகுப்பை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் முறையும் நமக்குப் புதிதல்ல. ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் ஏணிப்படியும் அட்டைகளுமாக வளர்ந்த முறையின் வழியில் தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் வந்தது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையால் பிரித்துப் பார்க்கிறது. சிறிய பள்ளி என்பதாலேயே அது குறைப்பள்ளி ஆகிவிடாது. சிறிய பள்ளிக்கென்று ஒரு கற்பித்தல் இருக்கிறது. அதற்கு நேரமும் பயிற்சியும் பெற்ற ஆசிரியர் வேண்டும்.

இன்னொரு மறுப்பு, பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை, எல்லாம் வீட்டைப் பொறுத்தது என்பது. ஆசிரியர் ஓய்வறைகளில் இதை அடிக்கடி கேட்கலாம். 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வெளியான பெரிய ஆய்வு, பிள்ளைகளின் தேர்ச்சி வேறுபாட்டுக்குப் பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே அதிகம் காரணம் என்றது உண்மை. ஆனால் 1983-இல் ஹைன்மன், லாக்ஸ்லி இருவரும் 29 நாடுகளின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, ஏழை நாடுகளில் பள்ளியின், ஆசிரியரின் தரம் வீட்டுப் பின்னணியைவிட அதிகம் கணக்கில் வருவதைக் கண்டார்கள். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிதான் புத்தகம் இருக்கிற இடம். ஆகவே பள்ளிகளுக்கிடையே உண்மையான வேறுபாடு உண்டு, அதைக் கண்டுபிடிக்கவும் வேண்டும். ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வராத ஆசிரியரையும் நடத்தாத பாடத்தையும் மூடிமறைக்க என் வாதம் பயன்படுமானால் அதைவிட எனக்கு வருத்தம் தருவது எதுவும் இல்லை.

அப்படியானால் எதை ஒப்பிடுவது? முதலாவதாக, கற்பித்த நாள். சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220. அந்த 200 நாளில் மூன்றாம் வகுப்புக்கு முன்னால் ஓர் ஆசிரியர் நின்ற நாள் எத்தனை? பயிற்சி, கூட்டம், காலியிடம், விடுப்பு என்று கழிந்தவை எத்தனை? தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. அது மீறப்பட்ட நாள் எத்தனை? இந்த எண்ணில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு. பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதாலும் இது மாறாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியையும் நலப் பள்ளியையும் இதை வைத்துப் பக்கத்தில் நிறுத்தினால் எந்தத் துறை தன் பிள்ளைகளை எப்படி நடத்துகிறது என்பது பட்டவர்த்தனமாகிவிடும். பழி சரியான இடத்துக்குப் போய்ச் சேரும்: ஆசிரியர் வரவில்லையென்றால் ஆசிரியருக்கு, ஆசிரியரே தரப்படவில்லையென்றால் தராதவர்களுக்கு.

இரண்டாவதாக, ஒவ்வொரு பிள்ளையும் கடந்த தூரம். 2005 முதல் ஏசர் என்ற கல்வி நிலை அறிக்கைக்காகத் தன்னார்வலர்கள் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைத் தனித்தனியே வாசிக்கச் சொல்கிறார்கள். கையில் ஒரே ஒரு தாள். அதில் எழுத்துகள், சொற்கள், நாலு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. பிள்ளை எதுவரை தடங்கலின்றி வாசிக்கிறதோ அது அதன் நிலை. 2018-இல் நாடு முழுவதும் கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் பாதிப்பேர்தான் என்று தெரியவந்தது இந்த ஒற்றைத் தாளால். சிறிய பள்ளிக்கு இதில் ஒரு வசதி உண்டு. அறுபது பிள்ளைகளையும் இரண்டு நாளில் தனித்தனியே உட்காரவைத்து வாசிக்கக் கேட்டுவிடலாம். ஜூனில் எழுத்தில் நின்றவள் ஜனவரியில் பத்திக்கு வந்தாளா என்று பெயர் பெயராகப் பார்க்கலாம். அந்தத் தாளைக் கொண்டு பிள்ளைகளுக்கிடையே தரவரிசை போடக்கூடாது. ஊர் நடுவே நிறுத்தி வாசிக்கச் சொல்லவும் கூடாது. தடுமாறுகிற பிள்ளையை அவமானப்படுத்தி எழுத்துக் கற்பிக்க முடியாது. பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிட வேண்டுமானால், எழுத்து நிலையில் தொடங்கிய பிள்ளைகள் அங்கே எவ்வளவு தூரம் வந்தார்கள், இங்கே எவ்வளவு என்று கேளுங்கள். ஒரே இடத்தில் தொடங்கியவர்களை மட்டும் ஒப்பிடுவது நியாயம்.

தேர்ச்சி விழுக்காட்டைத் தூக்கியெறிய மனமில்லை என்பவர்களுக்கு: ஐந்து ஆண்டு எண்ணிக்கையைச் சேர்த்துப் பாருங்கள். இருபது நூறாகும், அலைச்சல் பாதிக்கும் மேல் அடங்கும். கூடவே, ஐந்தாண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வரை நிலைத்தார்கள் என்பதையும் கேளுங்கள். இடையில் காணாமல் போனவர்களைச் சேர்க்காத எந்த விழுக்காடும் முழு உண்மை ஆகாது.

இதையெல்லாம் கேட்க யாருக்கு அதிகாரம் என்று தயங்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் வைத்திருக்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பும் அந்தக் குழுவினுடையது. நம் குழுக்கள் பெயின்ட், கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று கேட்டுப் பழகியிருக்கின்றன, அவையும் தேவைதான். ஜூலை மாதக் கூட்டத்தில் அவற்றோடு மூன்று விவரங்களையும் பதிவேட்டில் ஏற்றுங்கள்: சென்ற ஆண்டு வகுப்புவாரியாக ஆசிரியர் இருந்த நாள்கள், நிலைவாரியாக வாசிப்பு முன்னேற்றம், வராமல் நின்றுபோன பிள்ளைகளின் எண்ணிக்கையும் காரணமும். பக்கத்துப் பள்ளிக் குழுவையும் அதே மூன்றை எழுதச் சொல்லிக் கேளுங்கள். பணியிடம் குறையும் நிலை இருந்தால், அதை நிறுத்திவைக்கக் கேட்டும், எந்தெந்த வகுப்பு ஆசிரியரின்றி நிற்கும் என்பதைக் குறிப்பிட்டும் தீர்மானம் போடுங்கள். அதன் நகல் ஆகஸ்ட் 1-க்கு முன் வட்டாரக் கல்வி அலுவலரிடம் இருக்க வேண்டும்; நலத்துறைப் பள்ளி என்றால் மாவட்ட நல அலுவலரிடம். இரண்டு தெருப் பெற்றோரும் இரண்டு பள்ளிக்காகவும் சேர்ந்து போய்க் கொடுத்தால், எந்தப் பள்ளியின் நாற்காலி காலியாகிறதோ அந்தப் பள்ளியின் பெற்றோர் மட்டும் தனியே போய் நிற்க வேண்டியிருக்காது.